வல்லாரையும் மாமியும்

ஞாபகசக்திக்கு என்ன சாப்பிட வேண்டும் என்று ஊருக்குப் புத்தி சொல்லித் திரிகிறவனை நம்பி எதையும் ஒப்படைக்கக் கூடாது. நான் அப்படித் திரிந்தவன். என்னிடம் ஒப்படைக்கப்பட்டவர் என் வருங்கால மாமியார்.

அப்போது எனக்குக் கிளிநொச்சியில் ஒரு அலுவலகத்தில் வேலை. பதவி உயர்வுப் பரீட்சைக்குப் படிக்கிறேன் என்று சொல்லிக்கொண்டு கைபேசியில் காணொளி பார்த்துக்கொண்டிருந்தேன். காலையில் வல்லாரைச் சாறு, மத்தியானம் மீன், இடையில் கச்சான் கடலை, சீனியில்லாத தேநீர். (பாடப்புத்தகத்தை மட்டும் திறக்கவில்லை. அது சாப்பிடுகிற சாமான் இல்லையே.) வீட்டில் பாணும் சம்பலும் சாப்பிட்டவர்களை மூளை கழன்றவர்களாகப் பார்ப்பேன். நாலு காணொளி பார்த்ததும் எனக்கு வைத்திய நிபுணரின் நடை வந்துவிட்டது. அன்றைய நானாகிய அந்த மொக்கனுக்கு இரண்டு அறை போட இப்போதும் கை துருதுருக்கிறது.

அந்த நேரத்தில்தான் ஜெயபுரத்தில் எனக்கு வாணியைப் பேசினார்கள். சாதகம் பொருந்தியது. எனக்கும் அவளை மிகவும் பிடித்துப்போயிற்று. ஆனால் அவளுடைய தாய் வந்து எங்கள் வீட்டைப் பார்த்து "ஓம்" என்றால்தான் கலியாணம்.

மாமி வந்தார். அம்மா உளுந்துவடை வைத்தார். "எண்ணெயிலை பொரிச்சது மறதியைக் கூட்டும் மாமி," என்றேன் நான். மாமி கடித்த வடையை அப்படியே தட்டில் வைத்துவிட்டார். அம்மா என்னைப் பார்த்த பார்வையில் இன்னொரு சட்டி வடை பொரித்திருக்கலாம்.

திரும்பிப் போக பஸ் தப்பிவிட்டது. "தம்பி கொண்டுபோய் விடுவான்," என்றார் அம்மா. மாமி என் மோட்டார் சைக்கிளில் ஒரு பக்கமாக இருந்து, என்னைத் தொடாமல் பின்கம்பியைப் பிடித்துக்கொண்டார். மெலிந்த தேகம், ஏறியதே தெரியவில்லை. மருமகனாக வரப்போகிறவனோடு வாய் திறந்து கதைக்கும் வழக்கமும் அவருக்கு இல்லை. எனக்கு அது வசதியாகப் போயிற்று. வழியெல்லாம் மூளையைப் பற்றி விரிவுரை நடத்தினேன்.

ஜெயபுரத்துக்குச் சில மைல் முன்னால், வீதியோரத்தில் பச்சைப்பசேலென்று வல்லாரைக் கட்டுகள். பிரேக் போட்டேன். மாமியும் இறங்கி ஒரு மரநிழலில் நின்றார். (இது எனக்குப் பிறகுதான் நினைவுக்கு வந்தது.) நல்ல கட்டாகப் பொறுக்கி, கைப்பிடியில் கொழுவி, ஹெல்மெட்டை மாட்டி, விட்ட இடத்திலிருந்து விரிவுரையைத் தொடர்ந்தபடி வண்டியை எடுத்தேன். பின்னாலிருந்து சத்தமில்லை. முன்பும் இல்லைத்தானே!

"வல்லாரை சாப்பிட்டால் ஒண்டும் மறக்காது மாமி," என்று முடித்தபடி அவர்கள் வீட்டுப் படலையில் நிறுத்தினேன். மாமா வெளியே வந்தார். அவருக்குப் பின்னால் வாணி.

"மனிசி எங்கை தம்பி?"

"பின்னாலை…" என்று திரும்பினேன். வெறும் சீற்.

வாணி முகத்தைப் பொத்தினாள். அழுகிறாளா சிரிக்கிறாளா தெரியவில்லை. என் கலியாணம் குழம்பிவிட்டது என்றே நினைத்தேன்.

மாமாவை ஏற்றிக்கொண்டு வந்த வழியே பறந்தேன். பாதி வழியில் ஒரு லான்ட்மாஸ்ரர் உழவு இயந்திரம் எதிரே கடகடவென்று வந்தது. பெட்டியில் நெல் மூட்டைகளின் மேல் மாமி. என்னைக் கண்டதும் அன்று முதன்முறையாக வாய் திறந்தார்.

"தம்பி, வல்லாரையை மறக்காமல் கொண்டுபோனீங்களோ?"

அது கைப்பிடியில்தான் தொங்கிக்கொண்டிருந்தது. எனக்கு வீதியோர வாய்க்காலுக்குள் இறங்கிவிடலாம் போலிருந்தது. மாமி மாமாவின் பக்கம் திரும்பினார்.

"இந்தப் பெடியனைத் தனியத் திரிய விடேலாதப்பா. கெதியாக் கட்டிக் குடுப்பம்."

பரீட்சையில் நான் சித்தியடையவில்லை. கலியாணம் நடந்தது. தாலி கட்டப்போகும் நேரத்தில், "பொம்பிளை பக்கத்திலைதான் இருக்கிறாவோ எண்டு பாத்துக் கட்டுங்கோ," என்று மாமா சத்தமாகச் சொல்ல, மண்டபமே சிரித்தது. வல்லாரை இப்போதும் சாப்பிடுகிறேன். நல்ல கீரை, அதன்மேல் குற்றமில்லை.

மாமியும் என் வண்டியில் ஏறத்தான் செய்கிறார். ஆனால் அந்தப் பழைய மௌனம் போய்விட்டது. ஒவ்வொரு சந்தியிலும் என் முதுகில் தட்டிச் சொல்கிறார்: "தம்பி, நான் இருக்கிறன்."