காலிக் கட்டம்

"இந்தக் கட்டமெல்லாம் ஏன் காலியா இருக்கு?" என்று கேட்டார் புள்ளியியல் மேடம்.

தரையில் டம்ளர் புதைத்து, தவறி விழும் வண்டுகளை எண்ணுவதுதான் வண்டு சாரின் ஆராய்ச்சி. நாற்பது டம்ளர், பன்னிரண்டு வாரம்; டம்ளருக்கு வாரம் ஒரு கட்டம். எந்த முறையில் கணக்குப் போடுவது என்று கேட்கத்தான் மாடியேறி வந்தார். வெளியே சொல்லிக்கொண்டது அப்படி. உள்ளே ஓடியது வேறு. நாற்பத்தைந்து வயதுத் தனிக்கட்டை, பாவம்.

"வண்டு வரலைங்க."

"போய்ப் பார்த்தும் வரலையா? இல்ல, நீங்க போகவே இல்லையா?"

"ரெண்டும் உண்டுங்க."

"அது எப்படி ஒண்ணாகும்? பார்த்தும் வரலைன்னா பூஜ்யம். பார்க்கவே இல்லைன்னாதான் காலி. அது தெரியாம நான் எந்த முறையைச் சொல்றது?"

மறுநாள் மனுஷன் காலிக் கட்டம் அத்தனையிலும் பூஜ்யம் போட்டுக் கொண்டுபோனார். பூஜ்யம் மலிந்த எண்ணிக்கைக்கென்றே இருக்கும் முறையை எடுத்து, மேடம் பாதி நாள் உழைத்தார். அப்புறம்தான் மழையில் டம்ளர் மூழ்கி, இவர் போகாமலே இருந்த வாரத்துக்கும் பூஜ்யம் போட்ட வண்டவாளம் வெளியே வந்தது.

"ஐயோ! மறுபடி முதல்லேர்ந்தா?" என்றார் மேடம்.

வண்டு சார் பதறிப்போய் எல்லாப் பூஜ்யத்தையும் அழித்தார். வண்டு விழுந்த கட்டம் மட்டுமே மிஞ்ச, இப்போது கணக்குப்படி காடு முழுக்க வண்டு மொய்க்கிறது! கிணறு வெட்டப் பூதம் கிளம்பிய கதைதான்.

கடைசியில் மேடமே அவருடைய மண் படிந்த நோட்டை வாங்கி, பக்கத்தில் உட்காரவைத்து, கட்டம் கட்டமாகச் சரிசெய்தார். மூன்று நாள் ஆனது. இன்னும் நாலு டம்ளர் கூடப் புதைத்திருக்கலாமே என்று வண்டு சாருக்கு ஒரே வயிற்றெரிச்சல்.

"முறை சரியா அமைஞ்சிடுச்சு. இனி நீங்க அலைய வேண்டாம்," என்றார் மேடம், தாளைப் பார்த்தபடியே.

அலைய வேண்டாமாம்! அந்த அலைச்சலைத் தவிர அவருக்கு வேறென்ன ஆசை?

இரண்டு வாரம் மாடிப் பக்கமே தலைவைத்துப் படுக்கவில்லை. என்ன சாக்கு சொல்லிப் போவது? தினமும் படிக்கட்டின் அடியில் நின்று மேலே பார்ப்பார், திரும்பிவிடுவார். மேடம் தன்னை அன்றைக்கே மறந்திருப்பார் என்று அவருக்கு நிச்சயமாகத் தெரியும்.

அன்றும் அப்படி நின்றபோது, மாடியைப் பெருக்கிவிட்டு இறங்கிய அக்கா துடைப்பத்தோடு நின்றார்.

"ஏன் சார், மேடம் ரூம் காலண்டர்ல ரெண்டு வாரமா தேதிக்கு ஒரு பூஜ்யம் போட்டு வெச்சிருக்காங்களே, அது என்ன கணக்கு? லீவு நாளை மட்டும்தான் காலியா விட்டிருக்காங்க."