விஷுக்கணிக்கு வைத்த பூ

மூக்கை நம்பி மோசம் போனவள் நான். கண்ணை நம்பி ஏமாந்தவர்கள் ஊரில் நிறைய உண்டு. காதை நம்பிக் குடும்பத்தைக் கெடுத்துக்கொண்டவர்களும் உண்டு. ஆனால் மூக்கு மட்டும் பொய் சொல்லாது என்று கல்யாணமான பிறகும் நினைத்துக்கொண்டிருந்தேன். பால் திரியப்போவதைப் பாலுக்கே தெரிவதற்கு முன் சொல்லிவிடுவேன். பஸ்ஸில் பக்கத்தில் உட்கார்ந்தவள் காலையில் என்ன சமைத்தாள் என்று சொல்வேன் (அவளிடமே சொல்வேன் என்பதுதான் கொடுமை). மூக்கும் நம் வீட்டு ஆள்தான், நாம் முன்பே முடிவுகட்டி வைத்திருப்பதைத்தான் அதுவும் ஒப்பிக்கும் என்பது கேரளத்துப் பூவாரில் ஒரு விஷுவன்று தெரிந்தது.

தொண்ணூறுகளின் நடுவில் பூவாரில் ஒரு சின்னப் பள்ளிக்கூடத்தில் எனக்கு டீச்சர் வேலை. என் கணவருக்கு நெய்யாற்றின்கரையில் ஒரு பாத்திரக் கடையில் வேலை. பள்ளிக்கூடத்துக்குப் பக்கமாக ஒரு வாடகை வீட்டில் இருந்தோம். எங்கள் படுக்கையறை ஜன்னலைத் திறந்தால் பிலோமினா அக்காவின் முற்றம். அவள் கணவர் கடலுக்குப் போகிறவர். அக்கா நெத்திலி வாங்கி முற்றத்தில் பழைய வலையை விரித்துக் காயவைத்து, பனச்சமூடு சந்தைவரை கொண்டுபோய் விற்பாள்.

நாங்கள் மீன் தொடாதவர்கள் ஒன்றும் இல்லை. மீன் இல்லாத நாளில் என் கணவர் சோற்றைத் துக்க வீட்டுக்கு வந்தவர்போலப் பார்த்துக்கொண்டிருப்பார். வாரத்துக்கு ஒருதரமாவது அக்கா ஒரு பொட்டலத்தோடு நேராக எங்கள் அடுக்களைக்குள் வந்துவிடுவாள். "சாருக்குப் பொரிச்சுக் குடுங்க டீச்சரே" என்று வைத்துவிட்டுப் போவாள். பொரித்துத் தின்போம். தின்று கைகழுவிய பிறகு, அவள் முற்றத்து வாடையைப் பற்றி இரண்டு பேருமாக முகம் சுளிப்போம். அதில் ஒரு முரண்பாடு இருப்பதாக அப்போது எங்களுக்குத் தோன்றவில்லை.

அந்தச் சமயத்தில்தான் பஹ்ரைனிலிருந்து லீவில் வந்த என் சித்தி மகள் கமலம் ஒரு செடித் துண்டு கொடுத்தாள். இலை கிடையாது. விரல் தடிமனில் நாலு பட்டையாக, சதைப்பிடிப்பாக ஒரு தண்டு, அவ்வளவுதான். "பாலைவனத்துச் செடியாக்கும். வீட்டுக்குள்ள வளக்கலாம். பூ நட்சத்திரம் மாதிரி, கை அகலத்துக்கு இருக்குமாம்" என்றாள். அவளிடம் அது ஒருமுறைகூடப் பூத்ததில்லை.

முதல் துண்டுக்குக் கத்தரிச் செடிக்கு ஊற்றுவதுபோல் தண்ணீர் ஊற்றினேன். குழைந்து போயிற்று. கமலத்திடம் கேட்டு வாங்கிய அடுத்த துண்டைப் பால்பவுடர் டப்பாவில் மணல் நிரப்பி நட்டு, படுக்கையறை ஜன்னலின் உள்விளிம்பில் வைத்து, தண்ணீர் ஊற்றும் ஆசை வரும்போதெல்லாம் கையைக் கட்டிக்கொண்டு நின்றேன். அது வேர்பிடித்துப் பரவியது, ஆனால் பூக்கவில்லை. "வீட்டுக்குள்ள கள்ளி வளக்கிய பொம்பள ஒருத்தி இந்த ஜில்லாவுலயே நீதான்" என்பார் என் கணவர். எனக்கு ரோசம் வந்துவிட்டது. முதல் பூவை, விஷு விடியலில் கண் திறந்ததும் பார்க்கும் விஷுக்கணியில் கிருஷ்ணனின் காலடியில் வைப்பதாக வேண்டிக்கொண்டேன்.

கிருஷ்ணன் உடனே கேட்டான். மீன மாதக் கடைசியில், அதாவது பங்குனி முடியும்போது, காற்றடைத்த பை மாதிரி ஒரு மொட்டு வந்து, விஷுவுக்கு இரண்டு நாள் முன்பு காலையில் விரிந்தது. ஐந்து இதழ், வெளிர் மஞ்சள், மெல்லிய சிவப்புக் கோடுகள், ஓரத்தில் பூனை ரோமம். கமலம் சொன்னது உண்மைதான், உள்ளங்கையை மூடும் அகலம். எனக்குக் கண்ணில் தண்ணீரே வந்துவிட்டது.

இங்கே ஒரு விஷயம் சொல்ல வேண்டும். சாமிக்கு வைக்கும் பூவை முகர்ந்து பார்க்கக்கூடாது. முகர்ந்துவிட்டால் அது எச்சில் பட்டதற்குச் சமம். சின்ன வயதில் கோயிலுக்குப் பூக்கட்டும்போது இதற்காக நான் அடி வாங்கியிருக்கிறேன். அதனால் செடியின் பக்கத்தில் போகும்போதெல்லாம் மூச்சைப் பிடித்துக்கொண்டேன் (பக்தியால்).

மத்தியானம் வெயில் ஏறியதும் அறைக்குள் ஒரு நாற்றம் பரவியது. சாதாரண வாடை இல்லை, ஏதோ செத்துப் பல நாளான நாற்றம். நான் யோசிக்கவேயில்லை. ஜன்னலுக்கு அந்தப் பக்கம் நெத்திலி காய்கிறது, வேறு எங்கிருந்து வரும்? ஜன்னலை அடைத்தேன். நாற்றம் கூடியது. உள்ளே வந்தது வெளியே போக வழியில்லாமல் நிற்கிறது என்று எனக்கு நானே விளக்கம் சொல்லிக்கொண்டு சாம்பிராணி போட்டேன். ஈக்கள் வந்து பூவில் உட்கார்ந்தன. மீனுக்கு வந்த ஈ என் சாமிப் பூவை மொய்க்கிறதே என்று விசிறி எடுத்து விரட்டினேன். பிறகு நேராக முற்றத்துக்குப் போனேன்.

"அக்கா, மீன் ஏதோ அழுகிப்போச்சு போலிருக்கு. வீட்டுக்குள்ள இருக்க முடியல்ல."

அக்கா குனிந்து ஒரு கை நெத்திலியை அள்ளிக் காட்டினாள். "காலத்த வந்ததாக்கும் டீச்சரே. நல்ல வெயிலும் உண்டு. இது அழுகாது."

"நாளக்கழிஞ்சு விஷு. கணி வைக்கணும் அக்கா."

அக்கா கையிலிருந்ததை வலையில் போட்டாள். "சாமி காரியம்னா வேற பேச்சில்ல. நான் மாத்துதேன்" என்றாள்.

அந்த வெயிலில் அத்தனை நெத்திலியையும் அலுமினியச் சட்டியில் அள்ளி அள்ளித் தலையில் வைத்து, கடற்கரையில் இருக்கும் அவள் அண்ணன் வீட்டு முற்றத்துக்குச் சுமந்தாள். வலையையும் கொண்டுபோனாள். முற்றத்தில் பிளீச்சிங் பவுடர் போட்டுக் கழுவினாள். நான் வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். ஒருவேளை தலையசைத்துப் பாராட்டவும் செய்திருப்பேன்.

அன்று ராத்திரி மீனைத் திட்டியபடியே இரண்டு பேரும் முன்னறையில் படுத்தோம். மறுநாள் நாற்றம் இன்னும் அதிகம். சாயந்திரம் அக்கா கரையிலிருந்து திரும்பி வந்தாள். எப்போதும் அடுக்களைவரை வருகிறவள் அன்று படிக்குக் கீழே நின்றாள்.

"இப்பமும் நாறுதா டீச்சரே?"

"உண்டு அக்கா."

"முற்றத்துல ஒண்ணும் இல்ல. சட்டியெல்லாம் தேச்சுக் கவுத்தியாச்சு." கொஞ்சம் யோசித்தாள். "அப்பம் எனக்க மேலுல இருந்தாக்கும் வருது. நில்லுங்க, குளிச்சிட்டு வாறேன்."

குளித்துவிட்டு வந்தாள். தலைமயிரிலிருந்து தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது. கழுத்தில் பவுடர். ஞாயிற்றுக்கிழமை பள்ளிக்கு, அதாவது சர்ச்சுக்கு, உடுத்துப்போகும் சேலை. அதே இடத்தில் நின்று, "இப்பம் பாருங்க" என்றாள்.

என் பெயர்பெற்ற மூக்கால் நான் இழுத்துப் பார்த்தேன். எனக்குப் பின்னால் படுக்கையறைக் கதவு திறந்திருந்தது.

"கொஞ்சம் கொறஞ்சிருக்கு அக்கா" என்றேன். பெருந்தன்மையாகச் சொன்னதாக எனக்கு நினைப்பு. அக்கா தலையை ஆட்டிவிட்டுப் போனாள்.

விஷுவன்று விடிவதற்கு முன் எழுந்து, உருளியில் அரிசி, வெள்ளரிக்காய், கொன்றைப்பூ, கோடி வேட்டி, கண்ணாடி எல்லாம் வைத்து, விளக்கேற்றி, மூச்சைப் பிடித்துக்கொண்டு அந்தப் பூவை அறுத்துக் கிருஷ்ணன் படத்தின் முன்னால் வைத்தேன். பிறகு என் கணவரை எழுப்பி, அவர் கண்ணைப் பொத்தி, கணிக்கு முன்னால் கொண்டுவந்து நிறுத்தினேன்.

"இப்ப கண்ணத் தொறங்க."

"வேண்டாம்."

"ஏன்?"

"கணியில செத்த எலியவா வச்சிருக்க?"

கண்ணைத் திறக்காமலே அவர் குனிந்தார். மூக்கு முன்னால் போக, ஆள் பின்னால் போக, வெள்ளரிக்காயைத் தாண்டி, கொன்றையைத் தாண்டி, கிருஷ்ணனின் காலடியில் போய் நின்றார். அப்புறம்தான் கண்ணைத் திறந்தார்.

"இதாக்கும்" என்றார்.

"சாமிப் பூவ மோக்காதீங்க."

"சாமிய நீ ஒரு தடவ பாரு. புல்லாங்குழல சாக்கு வச்சி மூக்கப் பொத்திட்டு நிக்கியாரு."

நான் முகர்ந்தேன். அதற்குமேல் எழுத முடியாது. பூவின் நடுக்குழியில் ஈக்கள் தங்கள் குலம் தழைக்க வெள்ளையாக முட்டையிட்டு வைத்திருந்தன. ஏமாந்தது நான் மட்டும் இல்லை, அவையும்தான். என் கணவர் சிரித்துச் சிரித்துத் தரையில் உட்கார்ந்துவிட்டார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. முந்தின நாள் சாயந்திரம் படிக்குக் கீழே நின்ற ஈரத்தலைதான் கண்ணுக்குள் நின்றது. அவ்வளவு வெட்கம் எனக்கு அதற்கு முன்பும் வந்ததில்லை, பின்பும் வந்ததில்லை.

விடிந்ததும் பூவை ஒரு காகிதத்தில் வைத்துக்கொண்டு கரைக்குப் போனேன். பிலோமினா அக்கா அண்ணன் வீட்டு முற்றத்தில் கம்போடு உட்கார்ந்து காக்காய் விரட்டிக்கொண்டிருந்தாள்.

"அக்கா, இத ஒண்ணு மோந்து பாருங்க."

முகர்ந்தாள். தலையைப் பின்னால் இழுத்துக்கொண்டாள். பூவைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள்.

"இது ஒங்க ஜன்னல்ல நின்ன செடியில்லியா?"

"ஆமா அக்கா."

அவள் ஒரு காக்காயை விரட்டினாள். இன்னொன்றையும் விரட்டினாள். பிறகு, "எங்க நெத்திலிக்கு இத்தற நாத்தம் இல்ல டீச்சரே" என்றாள். நான் அழ ஆரம்பித்தேன். "நல்ல நாளும் அதுவுமா அழப்பிடாது. போங்க, சார் சாப்பிடாம இருப்பாரு."

நான் போனேன், உடனே திரும்பியும் வந்தேன். என் கணவரையும் கூட்டிவந்தேன். விஷுக்கோடி உடுத்தி இரண்டு பேரும் நெத்திலிச் சட்டியைத் தலையில் சுமந்து அவள் முற்றத்துக்குக் கொண்டுவந்ததைப் பூவாரில் பாதிப் பேர் வேலிக்கு மேலால் பார்த்தார்கள். அன்று மாலைக்குள் மீதிப் பாதிக்கும் கதை தெரிந்துவிட்டது.

இப்போது எங்கள் வீட்டில் யார் மூக்கைப் பொத்தினாலும், "மொதல்ல நம்ம ஜன்னலப் பாரு" என்பார்கள். என் மகள் ஹாஸ்டலில் இதைச் சொல்லப்போய், அங்கேயும் பரவிவிட்டது. எந்தக் கல்யாண வீட்டில் பார்த்தாலும் பிலோமினா அக்கா இந்தக் கதையை எடுத்துவிடுவாள். சாம்பிராணியும் ஈ விரட்டியதும் என் கணவர் குனிந்ததும் எல்லாம் நடித்தே காட்டுவாள் (அவர் குனிந்தபோது அவள் அங்கே இல்லை, இருந்தாலும் என்னைவிட நன்றாகக் குனிவாள்). பந்தியே சிரிக்கும், நானும் சிரிப்பேன்.

குளித்துவிட்டு வந்து நின்றதை மட்டும் அவள் இதுவரை யாரிடமும் சொன்னதில்லை. முற்றத்தைக் கழுவியதோடு நிறுத்தி, என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டு, நேராக விஷுக் காலைக்குப் போய்விடுவாள்.