மச்சாளைக் கொடுத்து உயரம் வாங்கிய கதை

விளையாடத் தெரியாதவர்களுக்குத்தான் விளையாட்டைப் பற்றி நிறையத் தெரிந்திருக்கும். விளையாடுகிறவர்களுக்கு மூச்சு வாங்கும், பேச நேரம் இருக்காது. வெளியே கதிரையில் இருப்பவர்களுக்கு மூச்சும் இருக்கும், நேரமும் இருக்கும், கருத்தும் இருக்கும். அப்படிக் கதிரையில் இருந்தபடியே ஒரு கூடைப்பந்து அணியைக் கவிழ்த்தவள் நான்.

ஜெர்மனியில் எங்கள் ஊர் போஹும். (யாழ்ப்பாணத்தில் இருக்கும் பெரியப்பா ஒருவர் இதைத் தமிழில் படித்துவிட்டு "எங்கை போகும்?" என்று இன்னமும் கேட்கிறார்.) இங்கே எங்கள் தமிழ் விளையாட்டுக் கழகத்தில் மைதானம், சீருடை, கைதட்டல் எல்லாம் உதைபந்தாட்டம் ஆடும் ஆண்களுக்கு. பெண்களுக்கு மிஞ்சியது ஞாயிறு காலையில் வேறு யாரும் கேட்காத ஓர் உள்ளரங்கு. அதன் இரண்டு பக்கமும் கூடை இருந்தது. அதனால் நாங்கள் கூடைப்பந்து அணி ஆனோம்.

நான் பயிற்றுநர். அதற்குக் காரணம், நான் எறிந்த பந்து கூடையைத் தவிர மற்ற எல்லா இடத்துக்கும் போனதுதான். ஒருமுறை சுவரில் இருந்த தீ எச்சரிக்கைப் பொத்தானில் பட்டு, வண்டியோடு தீயணைப்புக்காரர்களே வந்துவிட்டார்கள். அடுத்த ஞாயிறு பிள்ளைகள் எல்லோரும் சேர்ந்து, "அக்கா, நீங்கள் வெளியிலை நிண்டு சொல்லித் தாங்கோ" என்று மிகுந்த மரியாதையோடு கேட்டார்கள். நான் அதை என் மூளைக்குக் கிடைத்த அங்கீகாரம் என்று எடுத்துக்கொண்டேன். வார இறுதிப் பயிற்சி ஒன்றுக்குப் போய்ச் சான்றிதழும் வாங்கி வந்து வரவேற்பறையில் மாட்டினேன்.

வேலைக்குப் போகும் ரயிலில் அமெரிக்கக் கூடைப்பந்து பற்றிய உரையாடல்களைக் காதில் மாட்டிக் கேட்பேன். அதில் பேசுகிறவர்களுக்கு ஆட்டத்தில் அவ்வளவு அக்கறை இல்லை. யாரைக் கொடுத்து யாரை வாங்கலாம் என்பதுதான் முழுப் பேச்சும். அது எனக்கு நன்றாகப் பிடித்துப்போனது. என் தொழிலும் அதுதான்: ஒரு பொதி நிறுவனத்தில் எந்தப் பெட்டி எந்த லொறியில் போகவேண்டும் என்று திட்டமிடுவது. மனிதர்களும் கொஞ்சம் பெரிய பெட்டிகள்தானே என்று நினைத்தேன்.

எங்கள் அணியின் பொயின்ட் கார்ட் துளசி. பந்தைக் கொண்டுவந்து, யார் எந்தப் பக்கம் ஓடவேண்டும் என்று கையைக் காட்டி, சரியான ஆளிடம் அதைச் சேர்க்கிற வேலை அவளுடையது. வயது பத்தொன்பது. என் கணவர் சுதனின் கடைசித் தங்கை, அதாவது என் மச்சாள். மூக்குக்கண்ணாடிக் கடை ஒன்றில் அவுஸ்பில்டுங் (தொழிற்பயிற்சி) கிடைத்ததால் எங்கள் வீட்டுப் பின்னறையில் வந்து இருந்தாள். காலையில் என் சமையலைச் சாப்பிட்டுவிட்டு, ஞாயிற்றுக்கிழமைகளில் என் கட்டளைகளை மீறுவாள்.

மீறுவாள் என்பது பொய் இல்லை. எதிரே மூன்று பேர் மறித்து நின்றால், சுற்றிப் போகாமல் அந்த மூவருக்கும் நடுவிலேயே புகுவாள். பாதி நேரம் பந்து பறிபோகும். மற்றப் பாதி நேரம் என்ன நடந்தது என்பதை நான் கவனிக்கவில்லை. என் கண்ணுக்குப் பட்டதெல்லாம், கூடையில் பட்டுத் தெறிக்கிற பந்தைப் பிடிக்க எங்களிடம் உயரமான ஆள் இல்லை என்பது மட்டும்தான்.

அந்தக் கோடையில், ஜெர்மனியில் உள்ள தமிழ்க் கழகங்களுக்கு இடையிலான போட்டிக்குக் கொஞ்சம் முன்னால், ஹைல்புரோன் கழகத்துப் பொறுப்பாளர் ரமணி அக்கா தொலைபேசியில் வந்தார். எங்கள் போட்டிகளில் இரண்டு கழகமும் சம்மதித்தால் ஆளுக்கு ஆள் மாற்றிக்கொள்ளலாம். அப்படி மாறியவர் புதிய கழகத்தின் ஆள் ஆகிவிடுவார். திரும்பி வருவதென்றால் மறுபடியும் இரண்டு கழகமும் சம்மதிக்கவேண்டும்.

"உங்கடை துளசியைத் தாங்கோ" என்றார் ரமணி அக்கா. "நாங்கள் நிரோஷாவைத் தாறம். ஆள் நல்ல உயரம். எங்கடை வீட்டுக்கு வந்தால் குனிஞ்சுதான் உள்ளுக்கு வருவா."

எனக்கு உடம்பெல்லாம் சிலிர்த்தது. உண்மையான ஒரு பேரம்! காதில் கேட்டுக்கொண்டிருந்தது இப்போது என் கைக்கே வந்துவிட்டது. நிரோஷாவின் உயரம் என்ன, வயது என்ன, கைநீளம் என்ன, காலுக்குச் சப்பாத்து அளவு என்ன என்று எல்லாம் கேட்டேன். ரமணி அக்கா பொறுமையாகப் பதில் சொன்னார்.

அன்றிலிருந்து வீட்டில் வேறு பேச்சு இல்லை. கறிக்கு உப்புப் போடும்போதும் யோசித்தேன், மறுபடியும் உப்புப் போடும்போதும் யோசித்தேன். துளசிக்கு இன்னும் மூன்று வருடம் கொடுத்தால் பெரிய ஆட்டக்காரி ஆவாள், சரி. ஆனால் கிண்ணம் இந்த வருடம் அல்லவா வேண்டும்? படிப்பு முடிந்ததும் அவள் வேறு ஊருக்குப் போய்விட்டால்? இப்போது கேட்கிறார்கள், இப்போதே கொடுத்தால்தானே பெறுமதி? சுதன் கார் ஓட்டிக்கொண்டிருந்தபோது இதையெல்லாம் விளக்கினேன். அவர் அடுத்த சிவப்பு விளக்கில் நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தார்.

"அவள் என்ரை தங்கச்சி. நீ பழைய சோஃபாவை மாத்திற மாதிரிக் கதைக்கிறாய்."

"சோஃபா எண்டால் இவ்வளவு யோசிக்கமாட்டன்" என்றேன். அவரைச் சமாதானப்படுத்துவதாகத்தான் அப்போது நினைத்தேன்.

கடைசியில் ஒரு கூட்டம் வைத்தேன். துளசிக்கு அன்று தொழிற்பள்ளி. அலுவலகத்தில் இருந்து படம் காட்டும் கருவியை இரவல் வாங்கி வந்து, எங்கள் வரவேற்பறைச் சுவரில் "துளசி: வைத்திருப்பதா, மாற்றுவதா?" என்று பெரிய எழுத்தில் போட்டேன். அணித்தலைவி யாழினி மருத்துவமனையில் தாதி, இரவு வேலை முடித்து நேராக வந்திருந்தாள். இன்னும் நான்கைந்து பேர். தேநீர், பட்டீஸ் எல்லாம் உண்டு.

யாழினி முதலிலேயே சொல்லிவிட்டாள், எங்கே ஓடவேண்டும் என்று துளசி சொன்னால்தான் தனக்குத் தெரியும் என்று. நான் சிரித்துக்கொண்டே அடுத்த படத்துக்குப் போனேன். "பலவீனங்கள்" என்று தலைப்பு. பந்தை விடமாட்டாள். சொன்னால் கேட்கமாட்டாள். அவசரம். குள்ளம். ஒவ்வொன்றையும் கையைக் காட்டி, குரலை ஏற்றி இறக்கி விளக்கினேன். நான் நன்றாகப் பேசுகிறேன் என்று எனக்கே தோன்றியது. ஆனால் எல்லோரும் எனக்குப் பின்னால் எதையோ பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

திரும்பினேன். கதவடியில் தோளில் புத்தகப் பையோடு துளசி. ஆசிரியருக்குச் சுகமில்லை என்று வகுப்பை முன்னதாக விட்டுவிட்டார்களாம்.

அவள் சுவரை மேலிருந்து கீழ்வரை ஆற அமரப் படித்தாள். "மச்சாள், 'குள்ளம்' எண்டதுக்கு ஒரு 'ள்' விடுபட்டுப்போச்சு" என்றாள். பிறகு ஒரு பட்டீஸை எடுத்துக்கொண்டு, "நான் ஹைல்புரோனுக்கு விளையாடுறன். எனக்குச் சம்மதம். பிறகு நீங்கள் கவலைப்படக்கூடாது, அவ்வளவுதான்" என்று சொல்லிவிட்டுப் பின்னறைக்குப் போனாள்.

அழுவாள், கோபப்படுவாள் என்றெல்லாம் எதிர்பார்த்து ஆறுதல் வார்த்தைகள் தயாராக வைத்திருந்தேன். ஒன்றும் தேவைப்படவில்லை. எனக்கு அது கொஞ்சம் ஏமாற்றமாகக்கூட இருந்தது. ஆனாலும் அன்று மாலையே ரமணி அக்காவிடம் சம்மதம் சொன்னேன்.

போட்டிக்கு முந்தைய வாரம் நிரோஷா ரயிலில் வந்து இறங்கினாள். ரமணி அக்கா சொன்னதில் ஒரு சொல்லும் பொய் இல்லை. எங்கள் சமையலறை விளக்கில் தலை முட்டியது. பிள்ளை பண்பானவள். முட்டியதும் விளக்கிடம் மன்னிப்புக் கேட்டாள். நான் ஆனந்தத்தில் மிதந்தேன்.

பயிற்சிக்குப் போனோம். யாழினி அவளிடம் பந்தை எறிந்தாள். நிரோஷா இரண்டு கையையும் உயர்த்தி, விரல் நுனியால் அதை அழகாக மேலே தள்ளிவிட்டாள். பந்து கூரைக்குப் போய் வந்தது. புது ஆள், பதற்றம் என்று நினைத்தேன். இன்னொரு தரம் எறியச் சொன்னேன். இந்தமுறை எகிறிக் குதித்து ஓங்கி ஓர் அடி. பந்து யாழினியின் காதோரம் போனது.

"பிடியுங்கோ, நிரோஷா. அடிக்காதேங்கோ" என்றேன்.

"பிடிக்கக்கூடாதெல்லோ அக்கா" என்றாள் அவள், உண்மையான குழப்பத்தோடு. "நான் வொலிபோல் எல்லோ விளையாடுறனான். ரமணி அக்கா சொல்லேல்லையா?"

சப்பாத்து அளவு கேட்டவள் நான். என்ன விளையாடுவாள் என்று கேட்கவில்லை. உடனே ரமணி அக்காவுக்குத் தொலைபேசி எடுத்தேன். "நீங்கள் உயரம்தானே கேட்டனீங்கள்" என்றார் அவர், கோபமே இல்லாமல். சுதனிடம் சொன்னபோது அவர் எழுந்து பல்கனிக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் அவருடைய தோள் குலுங்கியது தெரிந்தது.

பிராங்ஃபர்ட்டுக்குப் பக்கத்தில் ஒரு பள்ளிக்கூட அரங்கில் போட்டி. எங்களுடைய முதல் ஆட்டமே ஹைல்புரோனோடு. விசில் ஊதியதும் யாழினி பந்தைப் பிடித்தாள், நிமிர்ந்து பார்த்தாள், பழக்க தோஷத்தில் "துளசி!" என்று கூப்பிட்டு நேராக அவளிடமே எறிந்தாள். துளசி நன்றி சொல்லி வாங்கிக்கொண்டு போய்க் கூடையில் போட்டாள்.

அது ஒருமுறை நடந்திருந்தால் பரவாயில்லை. துளசி பந்தோடு வந்து தன் அணிக்குக் கையைக் காட்டுவாள்: நீ இடது, நீ மூலை. எங்கள் பிள்ளைகளும் அந்தக் கைக்கே பழகியவர்கள். அவள் காட்டியதும் அவர்களும் இடதுபக்கம் ஓடினார்கள், மூலைக்குப் போனார்கள். அரங்கில் பத்துப் பேர் விளையாட, பத்துப் பேரையும் துளசி நடத்திக்கொண்டிருந்தாள். ஒலிவாங்கியில் வர்ணனை செய்த அண்ணை, "இரண்டு அணிக்கும் ஒரே பயிற்றுநர் போலிருக்கு" என்று வேறு சொன்னார்.

பயிற்றுநர் நான் என்ன செய்துகொண்டிருந்தேன்? அதைத்தான் எழுத வெட்கமாக இருக்கிறது. இரண்டாவது பாதியில் துளசி பந்தோடு வந்தாள். எதிரே எங்களில் மூன்று பேர். வழக்கம்போல நடுவில் புகுந்தாள். முதலாமவளின் கைக்குக் கீழால், இரண்டாமவளைச் சுற்றி, மூன்றாமவள் திரும்புவதற்குள் காற்றில் எழுந்துவிட்டாள். அவள் நடுவில் புகுந்தால் மற்றப் பாதி நேரம் என்ன நடக்கும் என்பதை அன்றுதான் முழுதாகப் பார்த்தேன். அவ்வளவு அழகு. நான் கதிரையைத் தள்ளிவிட்டுக் கோட்டைத் தாண்டி உள்ளே ஓடி, இரண்டு கையையும் தூக்கி, "போடு துளசி, போடு!" என்று கத்தினேன்.

அவள் போட்டாள். நடுவர் என்னிடம் வந்தார். நீங்கள் எந்த அணியின் பயிற்றுநர் என்று ஜெர்மனில் மிகவும் அமைதியாகக் கேட்டார். நான் எங்கள் பிள்ளைகளைக் காட்டினேன். அவர் நம்பவில்லை. அணி விபரத்தை எடுத்துச் சரிபார்த்துவிட்டு, எங்களுக்கு எதிராகத் தண்டனை எறி கொடுத்தார். அதையும் துளசிதான் எறிந்தாள்.

நிரோஷாவைப் பற்றியும் சொல்லவேண்டும். கடைசி நிமிடத்தில் துளசி எறிந்த ஒரு பந்தை அவள் எகிறி, தன் முழுப் பலத்தோடும் அறைந்தாள். அது பார்வையாளர்களைத் தாண்டி, ரோல்ஸ் விற்ற மேசையில் சம்பல் சட்டிக்குள் விழுந்தது. அன்று எங்கள் அணிக்குக் கிடைத்த ஒரே பெரிய கைதட்டல் அதற்குத்தான்.

தோற்றோம். எவ்வளவு வித்தியாசத்தில் என்று கேட்காதீர்கள். ஆட்டம் முடிந்ததும் நான் துளசியிடம் போய், "எனக்கு விளங்கேல்லை, துளசி. நீ என்ன செய்யிறாய் எண்டு நான் பாக்கேல்லை" என்றேன்.

"வெளியிலை இருந்து பாத்தால் தெரியாது மச்சாள். எதிரிலை நிண்டு பாத்தால்தான் தெரியும்" என்றாள் அவள். வியர்வையோடு என்னைக் கட்டிப்பிடித்தாள். எதிரணிச் சட்டையால் என் முகத்தையும் துடைத்துவிட்டாள்.

திரும்ப மாற்றிக்கொள்ள ரமணி அக்கா சம்மதிக்கவில்லை. நான் கேட்டபோதெல்லாம், "உங்களிட்டை இப்ப என்ன உயரத்திலை ஆள் இருக்கு?" என்று சிரிப்பார். அதனால் துளசி இன்றுவரை ஹைல்புரோன் ஆள். போஹுமில் கண்ணாடிக் கடையில் வேலை செய்கிறாள், எங்களோடுதான் இருக்கிறாள். ஒவ்வொரு கோடையும் போட்டி நாளில் என் கையால் பிட்டுச் சாப்பிட்டு, எங்கள் காரிலேயே வந்து, மத்தியானம் எங்களை அடித்துவிட்டு, மறுபடியும் எங்கள் காரிலேயே வீட்டுக்கு வருகிறாள்.

போன மாதம் என் மகளின் கின்டர்கார்டனில் இருந்து அழைத்து, ஒரு டெர்மின் (சந்திப்பு நேரம்) கொடுத்தார்கள். நேரில் வரவேண்டுமாம். போனேன். ஆசிரியை கதவைச் சாத்திவிட்டு, கவலையோடு மேசையில் ஒரு படத்தை வைத்தார். மகள் எங்கள் குடும்பத்தை வரைந்திருந்தாள். துளசியைக் காட்டி, "அம்மா இந்த மாமியைக் குடுத்து வேறை ஆளை வாங்கினவ" என்று வகுப்பில் சொல்லியிருக்கிறாள். வீட்டில் ஏதாவது பிரச்சினையா என்று ஆசிரியை மெதுவாகக் கேட்டார்.

எனக்குத் தெரிந்த ஜெர்மன் முழுவதையும் போட்டு, போட்டி, விதி, ரமணி அக்கா, சம்பல் சட்டி என்று எல்லாவற்றையும் விளக்கினேன். அவர் கன்னத்தில் கையை வைத்துக்கொண்டு கடைசிவரை கேட்டார். கவலை போய்விட்டது என்று நினைத்தேன். எழும்பும்போது ஒரேயொரு சந்தேகம் என்றார்.

"அந்த உயரமானவருக்குக் கூடைப்பந்து தெரியுமா என்று நீங்கள் முதலில் கேட்கவில்லையா?"