பிடித்தம் பாதி

மணியார்டரில் நாற்பது ரூபாய் குறைந்தது.

“ஏனுங்க, ஐநூறு வரோணும். நாப்பது எங்கீங்க?” என்று ராமாமணி தபால்காரரையே கேட்டுவிட்டாள்.

“எங்கிட்டக் கேட்டா நான் என்னத்தங்க சொல்லட்டும்? சீட்டுல என்னமோ எழுதியிருக்குது, படிச்சுப் பாருங்க அம்மணி,” என்று சொல்லிக் கையெழுத்துக்குப் பேனாவை நீட்டினார் அவர்.

சீட்டின் அடியில், அவள் விவாகரத்து செய்த கணவர் சுந்தரராஜுலுவின் சாய்ந்த எழுத்தில் ஒரே ஒரு வரி இருந்தது. ‘ஷ்ரவ்யா இன்சூரன்ஸ் பிடித்தம், பாதி: ரூ.40.’

நலமா என்று ஒரு வார்த்தை கிடையாது. எட்டு வருடக் குடித்தனத்திலும் அந்த மனுஷன் இதைவிட நீளமாக ஒரு சேதி சொன்னதில்லை. விவாகரத்துக்கு ராமாமணி கோர்ட்டில் சொன்ன காரணமும் ஏறக்குறைய அதுதான். “எதைக் கேட்டாலும் வாயைத் திறக்க மாட்டாருங்க. செவுத்தோட குடித்தனம் பண்ணுன மாதிரி இருக்குதுங்க.” நீதிபதி அவர் பக்கம் திரும்பி, “நீங்க என்ன சொல்றீங்க?” என்று மூன்று தரம் கேட்டார். சுந்தரராஜுலு மூன்று தரமும் தரையைப் பார்த்தார். நீதிபதிக்கே ராமாமணியின் கஷ்டம் புரிந்துபோனது.

மகள் தாயோடு இருக்க வேண்டியது. தகப்பன் மாதம் ஐநூறு அனுப்ப வேண்டியது. மகளின் வைத்தியம் தகப்பனுடைய ஃபேக்டரி ஈ.எஸ்.ஐ. இன்சூரன்ஸ் கார்டில் இலவசமாக நடக்க வேண்டியது. தீர்ப்பு இவ்வளவுதான். மூன்று வருடமாக அப்படியே நடந்தும் வந்தது. ஷ்ரவ்யாவுக்கு ஒன்பது வயது. பனி இறங்கினால் மூச்சு இளைக்கும். சோமனூர் டாக்டர் எழுதித் தருகிற சீட்டை ராமாமணி தபாலில் அனுப்புவாள். அவர் மாதம் ஒரு சனிக்கிழமை சிங்காநல்லூரிலிருந்து பஸ் ஏறி வந்து, மருந்தைக் கொடுத்து, மகளோடு ஒரு மணி நேரம் இருந்துவிட்டுப் போவார்.

இதில் பாதிப் பிடித்தம் எங்கிருந்து முளைத்தது?

ராமாமணி சோமனூரில் ஒரு டைப்ரைட்டிங் இன்ஸ்டிடியூட்டில் டீச்சர். அவளிடம் படிக்கிற ஒரு பெண்ணின் அப்பா மில் ஆபீஸில் சம்பளப் பட்டியல் போடுகிறவர். அவரைப் பிடித்து விசாரித்தாள்.

“சம்பளத்துல நூத்துக்கு ஒண்ணரை ரூபாதானுங்க புடிப்பாங்க. ரெண்டாயிரம் சம்பளம்னா முப்பது ரூபா.”

“முழுசாவே முப்பதுதானுங்களா?”

“முழுசாவேங்க.”

முழுதும் முப்பது, அதில் பாதி நாற்பது! ராமாமணிக்கு உச்சந்தலை வரைக்கும் சூடேறியது. அன்று மாலையே மெஷினில் தாளைச் செருகி, இரண்டு கார்பன் வைத்து, ஒரு பிழை இல்லாமல் ஒன்றரைப் பக்கக் கடிதம் அடித்து அனுப்பினாள். கணக்கில் நாணயம் வேண்டும், பெற்ற பிள்ளையின் வைத்தியத்தில் லாபம் பார்க்கக் கூடாது என்றெல்லாம் எழுதியிருந்தாள்.

அடுத்த மாத மணியார்டரில் பதில் வந்தது. ‘கடிதம் கிடைத்தது. பிடித்தம் ஏறிவிட்டது. பாதி: ரூ.60.’

“போன மாசமே பரவாயில்லீங்களே,” என்றார் தபால்காரர்.

ராமாமணி வக்கீல் அப்துல் வஹீதைப் பார்க்கக் கோயமுத்தூருக்குப் பஸ் ஏறினாள். விவாகரத்து வழக்கையும் அவர்தான் நடத்தினார். மூக்குக் கண்ணாடிக்கு மேலாகப் பார்த்துக்கொண்டே எல்லாவற்றையும் கேட்டார்.

“அறுபது ரூபாய்க்கு நோட்டீஸ் விட்டா நூத்தைம்பது ஆகுமேம்மா.”

“ஆகட்டுங்க. நியாயம்னு ஒண்ணு இருக்குதுங்கல்ல?”

“இருக்குது. அதுதான் நூத்தைம்பது,” என்றார் வக்கீல். கார்டை நேரே தாயின் கையில் ஒப்படைக்கச் சொல்லி நோட்டீஸ் போனது.

அந்தச் சனிக்கிழமை சுந்தரராஜுலு இன்ஸ்டிடியூட்டுக்கு வந்தார். ஃபேக்டரியின் நீலச் சட்டை போட்டிருந்தார். முன்பைவிடக் கறுத்து, ஒடுங்கியிருந்தார். மருந்தை மேஜைமேல் வைத்துவிட்டு நின்றார்.

“நோட்டீஸ் வந்துதுங்களா?”

“வந்துது.”

“கார்டு எங்கீங்க?”

அவர் தரையைப் பார்த்தார். “தொலைஞ்சுபோச்சு,” என்றார்.

“கார்டு இல்லாம இந்த மருந்து எப்படீங்க குடுத்தாங்க?”

“நம்பரு ஞாபகத்துல இருக்குது.”

டைப் அடித்துக்கொண்டிருந்த எட்டுப் பெண்களும் கையை நிறுத்திவிட்டுக் கேட்டார்கள். “பொய் சொல்றீங்க. இதுவரைக்கும் பேசாமத்தான் இருந்தீங்க, இப்பப் பொய்யும் சொல்றீங்க!” என்றாள் ராமாமணி. கோபத்திலும் ‘ங்க’ மட்டும் குறையவில்லை.

அவர் ஷ்ரவ்யாவைக் கூட்டிக்கொண்டு பேக்கரிக்குப் போனார். திரும்பி வந்த ஷ்ரவ்யா, “அம்மா, அப்பா கையெல்லாம் காப்புக் காச்சிக் கெடக்குதும்மா. பன்னு வாங்கி எனக்கு மட்டும் குடுத்தாரு, அவரு திங்கவேயில்ல,” என்றாள்.

“பொய் சொன்ன வாய்க்குப் பன்னு எப்படி எறங்கும்?” என்றாள் ராமாமணி. சொல்லிவிட்ட பிறகு, மகளின் முகத்தைப் பார்க்க அவளுக்கு என்னவோ போல இருந்தது.

ஆனாலும் விடுவதாயில்லை. கார்டு தொலைந்தால் நகல் வாங்கலாம் என்று விசாரித்துத் தெரிந்துகொண்டாள். நகல் கேட்கும் பாரத்தில் ஃபேக்டரி மேனேஜர் கையெழுத்துப் போட வேண்டும். ஒரு நாள் லீவு போட்டுவிட்டு, கோர்ட் ஃபைலைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு சிங்காநல்லூருக்குப் போய் ஃபேக்டரி வாசலில் நின்றாள்.

“சுந்தரராஜுலுங்களா?” வாட்ச்மேன் ஃபைலையும் அவளையும் மாறி மாறிப் பார்த்தார். “அவரு இங்க இல்லீங்க.”

“எப்ப வருவாருங்க?”

“வரமாட்டாருங்க.”

“நான் தேடி வந்தா இல்லைன்னு சொல்லச் சொன்னாருங்களா?”

வாட்ச்மேன் அவளைக் கடன் வசூலுக்கு வந்தவள் என்று முடிவு கட்டியிருக்க வேண்டும். “நீங்க எப்படி வேணாலும் வெச்சுக்கோங்க அம்மணி. என்னைய வம்புல இழுத்துப்போடாதீங்க,” என்று கேட்டைச் சாத்திவிட்டார்.

ஆக, வாட்ச்மேனையும் சரிக்கட்டி வைத்திருக்கிறார்! ஒரு வார்த்தை பேசத் தெரியாத மனுஷன் ஊரையே பேச வைத்து, தான் உள்ளே ஒளிந்திருக்கிறாரே என்று ராமாமணிக்கு ஆத்திரமாக வந்தது. பஸ்ஸில் வரும்போது அழுகையும் வந்தது. அறுபது ரூபாய் போனால் போகிறது. மாதம் ஒரு தரம் அவர் வருகிற சனிக்கிழமைகளில் ஷ்ரவ்யா காலை ஆறு மணிக்கே எழுந்து தலை பின்னிக்கொண்டு உட்கார்ந்திருப்பாள். அவள் காத்திருப்பது இப்படிப்பட்ட ஒருத்தருக்காகவா?

மிச்சமிருந்தது ஒரே ஒரு வழி. ஈ.எஸ்.ஐ. டிஸ்பென்சரிக்கே போய், மருந்து தருகிறவர்களிடம் எல்லாவற்றையும் உடைத்துச் சொல்லிவிடுவது. புகார் மனுவை மூன்று காப்பி அடித்தாள். இலவசமாக வாங்குகிற மருந்துக்குப் பெற்ற மகளிடம் காசு பிடிக்கிறார், கார்டைத் தொலைத்துவிட்டதாக ஏமாற்றுகிறார், மேற்படியார்மீது நடவடிக்கை எடுக்க வேண்டும். கடைசியாக அவர் கொண்டுவந்த மருந்தையும் சாட்சிக்காகக் கைப்பையில் போட்டுக்கொண்டாள். பள்ளிக்கூடம் லீவாக இருந்ததால் ஷ்ரவ்யாவும் கூட வந்தாள்.

“அம்மா, அப்பாவ ஜெயில்ல போட்டுருவாங்களா?”

“அதெல்லாம் இல்ல கண்ணு. கார்டைத்தான் கேப்பாங்க.”

“கார்டு நமக்கு வந்துட்டா அப்பா மருந்து கொண்டுட்டு வரமாட்டாருல்ல?”

ராமாமணி பஸ் டிக்கெட்டைக் கைப்பையில் மனுவோடு சேர்த்து வைத்தாள். இந்தக் கேள்வி அவள் அடித்த மனுவில் எங்கேயும் வரவில்லை.

சிங்காநல்லூர் டிஸ்பென்சரியில் வரிசை வாசல் தாண்டி நின்றது. இருமலும் பேச்சுமாக ஒரு மணி நேரம் நகர்ந்து ஜன்னலுக்குப் போய்ச் சேர்ந்தார்கள். மருந்து கொடுக்கும் பாவாத்தாள் தலை நிமிராமல், “கார்டு?” என்று கை நீட்டினாள்.

“கார்டைப் பத்திப் பேசத்தானுங்க வந்தேன்,” என்று ராமாமணி மனுவை நீட்டினாள். பாவாத்தாள் அதை வாங்கி முதல் நாலு வரி படித்தாள். பெயரைப் பார்த்ததும் கண்ணாடியைக் கழற்றிவிட்டு ராமாமணியைப் பார்த்தாள். பிறகு ஷ்ரவ்யாவைப் பார்த்தாள்.

“இந்தப் புள்ளைதானுங்களா ஷ்ரவ்யா?”

“ஆமாங்க. பாருங்க, போன மாசம் இங்க வாங்கிட்டு வந்த மருந்து.” ராமாமணி கைப்பையிலிருந்து டிஸ்பென்சரி முத்திரை குத்திய பழுப்புக் கவரை எடுத்து ஜன்னல் பலகையில் வைத்தாள். “இது ஓசியா, காசாங்க? அதை மட்டும் சொல்லுங்க.”

பாவாத்தாள் கவரைப் பிரித்து உள்ளே இருந்த ரோஸ் நிற மாத்திரைகளை உள்ளங்கையில் கொட்டிப் பார்த்தாள்.

“காசுங்க. இந்த மாத்திரை எங்ககிட்டக் கெடையாது. வெளியில மருந்துக்கடையிலதான் கெடைக்கும், வெலையும் சாஸ்திங்க. ஒரு மாசத்துக்கு வாங்குனா நூத்தி இருவது ஆகும்.”

“அதெப்படீங்க?” ராமாமணியின் குரல் வரிசையில் நின்றவர்களை எட்டிப் பார்க்க வைத்தது. “கவரு உங்களுதுதானுங்களே? முத்திரை குத்தியிருக்குதுங்களே?”

பாவாத்தாள் மாத்திரைகளை ஒவ்வொன்றாகத் திரும்பக் கவருக்குள் போட்டு, வாயை மடித்து, ஷ்ரவ்யாவின் கையில் கொடுத்தாள்.

“கவரு எங்களுதேதானுங்க அம்மணி, வேலை போயி, அவரு கார்டு செத்து ஒண்ணரை வருசமாச்சு, மாசாமாசம் இங்க வந்து காலிக் கவரு மட்டுந்தான் கேட்டு வாங்கிட்டுப் போறாரு.”