இங்கு முதுகில் பஞ்சு எடுக்கப்படும்

ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து ராஜபாளையம் போகும் சாலையில் ஒரு தகரக் கொட்டகை. வாசலில் செருப்புகள் குவிந்து கிடக்கும். ஷேர் ஆட்டோக்காரர்கள் "பஞ்சுச் சாமி, பஞ்சுச் சாமி" என்று கூவி ஆள் ஏற்றுவார்கள். இருமிக்கொண்டே வந்தவர்கள் இருமிக்கொண்டே திரும்புவார்கள். திரும்பும்போது கையில் ஒரு பஞ்சு உருண்டை இருக்கும், அவ்வளவுதான் வித்தியாசம்.

சாமியாகும் முன் அவர் பெயர் சீனிச்சாமி. மில்லில் வேலை பார்ப்பவர்களின் நெஞ்சில் பஞ்சு அடைத்துக்கொள்கிறது, அதனால்தான் இருமல் என்பது அவருடைய மகத்தான கண்டுபிடிப்பு. முதுகில் மூங்கில் குழாயை வைத்து உறிஞ்சுவார். வெள்ளை வெளேரென்று ஓர் உருண்டை விழும். மாதக்கணக்கில் நெஞ்சுக்குள் கிடந்த பஞ்சு, சொட்டு ஈரம்கூட இல்லாமல் வரும்.

டீக்கடை பீர் மைதீன் மில் வாசலையே மிதித்ததில்லை. அவர் நெஞ்சிலிருந்தும் பஞ்சு வந்தது. "தலையணைப் பஞ்சு" என்றார் சாமி. வ. புதுப்பட்டிக்காரர் ஒருவர் இருமுகிற ஆட்டை இழுத்து வந்தார். ஆட்டுக்கும் வந்தது. ஆட்டுக்கு எந்த மில், எந்த ஷிப்ட் என்று ஒருவரும் கேட்கவில்லை.

கேட்காததற்குக் காரணம் உண்டு. இருமலுக்கு டி.பி. என்று பெயர் சொன்னால் சொந்தக்காரர்கள் டம்ளரைத் தனியாக வைப்பார்கள். பெண் பார்க்க வந்தவர்கள் காபியைக்கூடக் குடிக்காமல் எழுந்துவிடுவார்கள். பஞ்சு என்றால் மரியாதை. பாவம், உழைத்தே நெஞ்சடைத்துப் போச்சு என்பார்கள். மானம் போகாத ஒரு பெயரைத்தான் சாமி விற்றுக்கொண்டிருந்தார்.

மில் தொழிலாளி வேல்பாண்டி அதை வாங்கிக்கொண்டிருந்தார். தீபாவளிக்கு முன்பு தொடங்கிய இருமல், இப்போது பங்குனி. சாயங்காலமானால் காய்ச்சல். சட்டை கொடியில் காய்வதுபோல உடம்பில் தொங்கியது. மகள் வெங்கடேஸ்வரிக்கு வரன் பார்ப்பதால் ஆஸ்பத்திரிப் பேச்சே கூடாது என்றிருந்தார். ஒருநாள் காலை துப்பியதில் ரத்தம் இருந்தது. அதைப் பார்த்துப் பயந்துபோன மனைவி பரிபூரணம், ஒரு சொம்புத் தண்ணீரும் ஒரு பப்பாளி இலைக் காம்பும் எடுத்துக்கொண்டு கொட்டகைக்குக் கூடவே வந்தாள். பூஜைக்கு என்று நினைத்து எல்லோரும் வழிவிட்டார்கள்.

சாமி உறிஞ்சினார். பஞ்சு விழுந்தது. கூட்டம் கன்னத்தில் போட்டுக்கொண்டது. பரிபூரணம் அதை எடுத்துச் சொம்பில் போட்டாள். சட்டென்று அடியில் போய்ப் படுத்துக்கொண்டது.

"ஏன் சாமி, மில்லுப் பஞ்சு தண்ணியில மிதக்கும். மருந்துக்கடைப் பஞ்சுதான் முங்கும். இவரு மருந்துக்கடையிலயா வேலை பாக்காரு?"

கூட்டத்தில் பாதிப்பேருக்கு மில்லில் வேலை, மீதிப்பேருக்குப் பேண்டேஜ் துணியில் வேலை. எந்தப் பஞ்சு மிதக்கும், எது முங்கும் என்று தெரியாதவர் அங்கே எவருமில்லை. பக்தியோடு பார்த்தால் மட்டும் மறந்துபோகும் போலிருக்கிறது.

"நெஞ்சுக்குள்ள கெடந்து சுத்தமாயிருச்சு தாயி" என்றார் சாமி.

"பஞ்சு வெளுக்க எதுக்கு அம்புட்டு மிஷினு? இந்த மனுசனையே மாட்டி விட்ரலாமே. சரி, மூங்கில் வேண்டாம். இந்தக் காம்புல உறிஞ்சுங்க."

சாமி உறிஞ்சினார். காற்று வந்தது. இன்னும் பலமாக உறிஞ்சினார். அவருக்கே இருமல் வந்தது. கூட்டத்தில் நின்ற பீர் மைதீன் மூங்கில் குழாயை எடுத்துத் தரையில் தட்டினார். அடுத்த ஆளுக்கான பஞ்சு, முதுகுக்குக் காத்திராமல் விழுந்தது.

"வாயில்லாத ஆட்டைப் போயி ஏமாத்திட்டீரே" என்றார் புதுப்பட்டிக்காரர். ஏமாந்த வாயுள்ளவர்களைப் பற்றி அவர் ஒன்றும் சொல்லவில்லை.

வேல்பாண்டி மனைவியின் பக்கம் குனிந்தார். "ஏட்டி, ஆஸ்பத்திரிக்குப் போனது தெரிஞ்சா நம்ம பிள்ளைக்கு எவன் வருவான்?"

"நீங்க போய்ச் சேந்துட்டா வரிசையில வருவானுகளாக்கும். நடங்க."

மறுநாள் அரசு ஆஸ்பத்திரியில் சளி கொடுக்கும் வரிசையில் நின்றார்கள். முன்னால் ஒருவர் தலையோடு துண்டைப் போர்த்தி முகத்தை மறைத்திருந்தார்.

"எத்தனை நாளா இருமல்?" என்று நர்ஸ் அவரைக் கேட்டாள்.

"ரெண்டு வாரம் சிஸ்டர். ரெண்டு வாரத்துக்கு மேல இருந்தா சளி சோதிக்கணும்னு போர்டுல போட்டிருக்குல்லா."

குரல் தெரிந்த குரல். கொட்டகை நிறைய இருமலுக்கு நடுவில் உட்கார்ந்திருந்த சீனிச்சாமிதான்.

அடுத்து வேல்பாண்டி. "தீபாவளிக்கு முந்தியிருந்து" என்றார்.

நர்ஸ் நிமிர்ந்து பார்த்தாள். "இம்புட்டு நாளா என்ன பண்ணுனீங்க?"

பரிபூரணம் துண்டு போர்த்தியவரைக் காட்டினாள். "இவியகிட்டதான் காட்டிக்கிட்டிருந்தோம்."

தனக்கு இருமல் வந்ததும் சாமி மூங்கில் குழாயைத் தேடவில்லை. போர்டைப் படித்தார், நேரே ஆஸ்பத்திரிக்கு வந்தார். பக்தர்களே, அவர் சொன்னதைச் செய்தது போதும். கொஞ்சம் யோசித்து, அவர் செய்ததைச் செய்யுங்கள்.