அறுபது கிலோ பயில்வான்

"மேல்தட்டுல இருக்கிற அந்த ஃபைலை எடும்மா, உனக்குத்தான் கை எட்டும்" என்றார் பக்கத்து மேஜைக்காரர்.

எட்டும்தான். ஆனால் தூக்கக்கூடாது. அவள் இடதுகைப் பழக்கக்காரி. அந்த இடது தோளுக்குக் கீழே, காறை எலும்பை ஒட்டி, பேஸ்மேக்கர் குடியேறி இரண்டு வாரம்தான் ஆகியிருந்தது. "ஆறு வாரத்துக்கு இந்தக் கையைத் தோளுக்கு மேல தூக்காதே, எதையும் பலமா இழுக்காதே. உள்ளே வயர் நகர்ந்துடும்" என்று டாக்டர் படித்துப் படித்துச் சொல்லி அனுப்பியிருந்தார்.

அலுவலகத்தில் இதைச் சொல்ல அவளுக்கு மனசே வரவில்லை. இருபத்து நாலு வயதில் நெஞ்சுக்குள் மெஷின் என்றால் என்ன நடக்கும் என்பதை வீட்டிலேயே பார்த்துவிட்டாள். பார்க்க வந்த அத்தை, "நல்ல பொண்ணா இருந்தா, என்னமா பாடுவா!" என்று கண்ணைத் துடைத்துக்கொண்டாள். அப்படி 'இருந்தவள்' எதிரிலேயே உட்கார்ந்து பிஸ்கட் தின்றுகொண்டிருந்தாள். மாமா தன் பங்குக்கு, "தினமும் சார்ஜ் போடணுமா?" என்று அக்கறையாகக் கேட்டார்.

அதனால்தான் 'சொந்த வேலை' என்று சொல்லி லீவு எடுத்திருந்தாள். இப்போது மேஜைக்காரர் அவளையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"தோள் பிடிச்சிருக்கு சார். லீவுல ஜிம்முக்குப் போய்... வெயிட் தூக்கினேன்."

"எவ்வளவு?"

"அறுபது கிலோ."

அவள் எடையே நாற்பத்து மூன்று. வாயிலிருந்து வந்துவிட்டதை விழுங்க முடியுமா? அது ஒரு ஃபர்னிச்சர் கம்பெனி. சோபா எப்போது வரும் என்று கேட்பவர்களுக்குப் பதில் சொல்லும் ஆர்டர் பிரிவில் அவளுக்கு வேலை. மதியத்துக்குள் அந்த அறுபது எண்பதாகி, சாயங்காலம் லோடிங் பிரிவை எட்டும்போது நூறாகிவிட்டது. மறுநாள் அவளுக்குப் பெயரே பயில்வான்.

லோடிங் பிரிவின் தலைவருக்குத் தேக்கு என்று பட்டப்பெயர். ஆளும் அப்படித்தான் இருப்பார். "பயில்வான், இந்த மேஜையை அந்தப் பக்கம் ஒரு கை பிடிங்க" என்று சிரித்துக்கொண்டே வந்து நின்றார்.

"அண்ணே, சின்ன வெயிட் தூக்கினா தசை கெட்டுப்போயிடும்னு கோச் சொல்லியிருக்கார்."

"கோச்சா! போட்டிக்கெல்லாம் போறீங்களா?"

"ஏதோ... கூப்பிடுறாங்க."

கட்டில் கால்களுக்கு வெல்டிங் செய்யும் கொட்டகை ஒன்று வழியில் இருந்தது. வெல்டிங் பக்கம் நிற்காதே என்பதும் டாக்டர் உத்தரவு. அதனால் அந்த இடம் வந்தால் ஓட்டமாக ஓடிக் கடப்பாள். "ஏம்மா ஓடுறே?" என்று வெல்டர் ஒருநாள் கேட்டார். "ஓட்டப் பயிற்சிண்ணே" என்றாள். ஒரு பொய்க்கு முட்டுக்கொடுக்க இன்னொன்று, அதற்கு முட்டுக்கொடுக்க மற்றொன்று என்று வளர்ந்துகொண்டே போனது.

அந்த வாரம் மேனேஜர் கூப்பிட்டனுப்பினார். முகமெல்லாம் பல்.

"சனிக்கிழமை கம்பெனி விளையாட்டு விழா. கயிறு இழுக்கிறதுல ஏழு வருஷமா லோடிங்காரங்க நம்மளை மண்ணைக் கவ்வ வைக்கிறாங்க. இந்தத் தடவை நீதான் நம்ம கேப்டன். கயித்தை இடுப்புல சுத்திக்கிட்டுக் கடைசியா நில்லு, போதும்."

"சார், என் கோச் விடமாட்டார்..."

"அவரையும் கூட்டிட்டு வா. சாப்பாடு உண்டு."

வீட்டுக்கு வந்து அம்மாவிடம் கொட்டித் தீர்த்தாள்.

"உண்மையைச் சொல்லித் தொலையேன்டி!"

"சொன்னா எல்லாரும் என்னைக் கண்ணாடிச் சாமான் மாதிரி பார்ப்பாங்கம்மா. இப்பதான் ஆபீஸ்ல என்னை ஒரு ஆளா மதிக்கிறாங்க."

"இழுக்கிறப்போ வயர் நகர்ந்துட்டா?"

அவள் சாப்பாட்டுத் தட்டை எடுத்துக்கொண்டு டிவி முன்னால் போய் உட்கார்ந்துவிட்டாள். அம்மா காலண்டரில் சனிக்கிழமையைப் பார்த்தாள்.

வெள்ளிக்கிழமை கம்பெனியே விநோதமாக இருந்தது. மேஜைக்காரர் அவளைக் கேட்காமல் ஸ்டூல் போட்டு ஏறித் தானே ஃபைலை எடுத்தார். அவள் தலை தெரிந்ததுமே வெல்டர் மெஷினை அணைத்தார். தேக்கு ஓடிவந்து கதவைத் திறந்துவிட்டு, "மெதுவா போங்க" என்றார், குரலில் அவ்வளவு பணிவு. மேனேஜர் அவளைப் பார்க்கும்போதெல்லாம் ஏதோ சொல்ல வாயெடுத்து, எச்சிலை விழுங்கிக்கொண்டார்.

அவளுக்குப் புரிந்துவிட்டது. நூறு கிலோ இந்நேரம் இருநூறாகியிருக்கும். எல்லோரும் அவளைக் கண்டு நடுங்குகிறார்கள்.

சனிக்கிழமை, கம்பெனிக்குப் பின்னால் இருந்த மைதானத்தில் கயிறு நீட்டிப் படுத்திருந்தது. அந்தப் பக்கம் தேக்கு, வெல்டர் இருவரோடும் சேர்த்து எட்டு மலைகள். இந்தப் பக்கம் கணினி தட்டும் ஏழு பேர், கடைசியில் அவள்.

குனிந்து கயிற்றைத் தொட்டாள். தன்னையறியாமல் இன்னொரு கை சட்டைக்கு மேலே அந்தச் சின்னப் புடைப்பைத் தடவிப் பார்த்தது. மூன்று தடவை மயங்கி விழுந்தவளை இதுதான் நிமிர்த்தி நிற்க வைத்திருக்கிறது. வீண் ஜம்பத்துக்காக அதைப் பிய்த்துக்கொள்வதா? போதும், சொல்லிவிடலாம். சிரித்தால் சிரிக்கட்டும், அழுதால் அழட்டும்.

கயிற்றைக் கீழே போட்டுவிட்டு நடுக்கோட்டுக்கு வந்தாள்.

"எல்லாரும் என்னை மன்னிக்கணும். நான் உங்ககிட்ட ஒண்ணு..."

"ஐயோ!" என்று ஓர் அலறல். தேக்கு இடுப்பைப் பிடித்துக்கொண்டு வேரோடு சாய்ந்தார். "பிடிச்சுக்கிச்சு! இனிமே என்னால இழுக்க முடியாது!"

அவர் விழுந்து முடிக்கவில்லை, அடுத்தவர் கெண்டைக்கால் என்று உட்கார்ந்தார். ஒருவருக்குக் கண்ணில் தூசி, ஒருவருக்குத் தலைசுற்றல். வெல்டருக்கு எங்கே வலி என்று முடிவாகவில்லை. முதலில் வயிற்றைப் பிடித்தார், அப்புறம் பல்லைப் பிடித்தார். அவள் பக்கத்திலும் மேஜைக்காரர் கணுக்காலைப் பிடித்தபடி ஏற்கெனவே படுத்திருந்தார். எட்டு மலைகளும் தரைமட்டம். மேனேஜர் அவசர அவசரமாக விசிலை ஊதினார்.

"எதிரணியில ஆள் இல்லை. ஆர்டர் பிரிவு ஜெயிச்சாச்சு! யாரும் கயித்தைத் தொடாதீங்க!"

அவள் கண் கலங்கிவிட்டது. ஒரு பொய்யை நம்பி இத்தனை நல்ல மனிதர்கள் தன்னைக் கண்டு அரண்டு போயிருக்கிறார்களே!

கோப்பையைத் தூக்கிக்கொண்டு வந்தவர் வாட்ச்மேன். அவருக்குக் காது மந்தம். ரகசியம் என்று அவர் பேசினால் தெருமுனை வரை கேட்கும். அவள் பக்கம் குனிந்து கிசுகிசுத்தார்.

"அழாதீங்கம்மா. உங்க நெஞ்சுல மெஷின் இருக்கிறதை நான் யார்கிட்டயும் மூச்சு விடல. 'உங்களுக்கு மட்டும்தான் சொல்றேன், என் பொண்ணுக்குத் தெரியவே கூடாது'ன்னு உங்கம்மா வியாழக்கிழமை வந்து சத்தியம் வாங்கிட்டுப் போனாங்க. நீங்க இழுக்க ஆரம்பிச்சா கயித்தையே அறுத்துடலாம்னு கத்தியோடதான் நின்னேன்."

மைதானம் முழுக்கக் கேட்டுவிட்டது.

தரையில் கிடந்த தேக்கு, இடுப்புவலியை அங்கேயே போட்டுவிட்டு விருட்டென்று எழுந்தார்.

"என்னது, உங்ககிட்டயும் 'உங்களுக்கு மட்டும்தான்'னா சொன்னாங்க?"