பென்டிரைவோடு போன நைனா

ஒன்றும் தெரியாதவர்களால் வீட்டுக்குப் பெரிய ஆபத்து வருவதில்லை. அரைகுறையாகத் தெரிந்தவர்களால்தான் வரும். எங்கள் வீட்டில் அந்த அரைகுறை நான்.

பழவேற்காட்டில் எங்கள் தெருவிலிருந்து கம்ப்யூட்டர் சயின்ஸ் படிக்கப் போன முதல் பெண் நான்தான். (இரண்டு அரியர் இருந்தது தெருவுக்குத் தெரியாது.) என்னுடைய பழைய லேப்டாப் ஆன் ஆவதற்குள் அம்மா அரைக் கூடை இறால் உரித்துவிடுவாள். கல்லூரித் தோழி ஒருத்தி வழி சொன்னாள்: "விண்டோஸ் மாதிரியே லினக்ஸ்னு ஒண்ணு இருக்கு, போட்டுப் பாரு, பறக்கும். விண்டோஸும் பக்கத்துலயே இருக்கும். ஃபைல் ஒண்ணும் போகாது."

அந்த ஃபைல்களில்தான் நைனா இருந்தார். என் அப்பா; ஏரியில் மீன் பிடித்தவர். மாரடைப்பில் இறந்து ஒரு வருடம் ஆகியிருந்தது. படகில் உட்கார்ந்து, வலையில் சிக்கிய நண்டைத் தூக்கிக் காட்டிச் சிரிக்கும் சின்ன வீடியோ. அவருடைய போன் முன்பே ஏரியில் விழுந்துவிட்டதால், அது லேப்டாப்பில் மட்டும்தான் இருந்தது. ஞாயிறுதோறும் சாப்பிட்டு முடித்ததும் அம்மா அதைப் போடச் சொல்வாள்.

அன்றும் ஞாயிறு.

"அத்த வச்சிக்கினு இன்னாடி பண்ற?" என்றாள் அம்மா.

"புதுசா ஒண்ணு போட்டுப் பாக்குறேன்மா. நைனா வீடியோவ பென்டிரைவ்ல காப்பி எடுத்துட்டேன். பயப்படாத."

எடுத்தது உண்மைதான். ஆனால் லினக்ஸை ஏற்றவும் ஒரு பென்டிரைவ் வேண்டியிருந்தது. வீட்டில் இருந்தது ஒன்றுதான். இதில் உள்ளதெல்லாம் அழிந்துவிடும், சம்மதமா என்று திரை கேட்டது. எச்சரிக்கையைப் படிப்பவர்கள் பயந்தாங்கொள்ளிகள் என்று நான் நம்பிய வயது அது. சம்மதித்தேன்.

அடுத்து, விண்டோஸோடு சேர்த்துப் போடவா, டிஸ்க்கை அழித்துவிட்டுப் போடவா என்று கேட்டது. டிஸ்க் என்றால் செருகியிருக்கும் பென்டிரைவ்தான் என்று எனக்கு நானே விளக்கம் சொல்லிக்கொண்டேன். (மூன்று வருடமாக இதைத்தான் படித்துக்கொண்டிருந்தேன்.) அழிக்கச் சொன்னேன்.

லேப்டாப் நிஜமாகவே பறந்தது. அம்மா கையைத் துடைத்துக்கொண்டு பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள்.

"போடு."

தேடினேன். மறுபடியும் தேடினேன்.

"இல்லம்மா."

"இன்னா இல்ல?"

"எதுவுமே இல்ல. லேப்டாப்பையே அழிச்சிட்டேன்."

"காப்பி எடுத்துட்டேன்னியே?"

"அது மேலதாம்மா இத ஏத்திட்டேன்."

அம்மா திட்டவில்லை. எழுந்து போய், ஏற்கனவே கழுவி வைத்த இறாலை மறுபடியும் கழுவ ஆரம்பித்தாள். திட்டியிருந்தால் தேவலை.

பொன்னேரியில் ரிப்பேர் கடைக்காரர் இரண்டு நாள் போராடிப் பாதி போட்டோக்களை மீட்டுத் தந்தார். வீடியோ வரவில்லை. பிறகு சொந்தக்காரர்கள் வீடு வீடாகப் போய், அவர்கள் போனில் நைனா இருக்கிறாரா என்று விசாரித்தேன். ஒவ்வொரு வீட்டிலும் முதலில் என் சாதனையைச் சொல்லவேண்டியிருந்தது. திருப்பாலைவனத்து அத்தை கதையை இரண்டு தடவை சொல்லவைத்தார். இரண்டாம் தடவைக்குப் பக்கத்து வீட்டாரையும் கூப்பிட்டுக்கொண்டார். தன்னிடம் ஒரு போட்டோகூட இல்லை என்பதைக் கடைசியில்தான் சொன்னார்.

அனுப்பம்பட்டில் சித்தப்பா தன் போனைத் துழாவி ஒரு வீடியோவைக் காட்டினார். நாங்கள் பார்த்தேயிராதது. அவர் வீட்டில் கெட்டுப்போய்க் கிடந்த டிவி ரிமோட்டை நைனா கையில் வைத்துக்கொண்டு பேசுகிறார்: "இத்த ஏன் கடைல குடுக்குற? எங்க பாப்பா கம்ப்யூட்டர் படிக்குது. அதுகிட்ட குடு. எல்லாத்தையும் சரி பண்ணிடும்."

பஸ்ஸில் வரும் வழியெல்லாம் அழுதேன்.

அம்மா அதைப் பார்த்தாள். இன்னொரு தடவை போடச் சொன்னாள். "எல்லாத்தையும் சரி பண்ணிடும்" என்று நைனா சொன்ன இடத்தில் சட்டென்று சிரித்துவிட்டாள். சிரித்துப் புரையேறி, முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

இப்போது நான் சென்னையில் வேலை பார்க்கிறேன். அந்த வீடியோவை ஆறு இடத்தில் பத்திரப்படுத்தி வைத்திருக்கிறேன். ஊருக்குப் போய் மிக்ஸியையோ ஃபேனையோ கழற்ற உட்கார்ந்தால் அம்மா தடுப்பதில்லை. தன் போனை எடுத்து, நைனாவைப் பேசவிடுவாள்.